ஆசிரியர் கணக்கில்

பிரெஞ்சில் 'ஆ கோன்த் தோத்தர்' என்று ஒரு சொல் உண்டு. நேராகத் தமிழில் வைத்தால் 'ஆசிரியர் கணக்கில்'. அட்டையில் பதிப்பாளர் பெயர் இருக்கும். அச்சுக்கூலி, காகிதம், விளம்பரம் எல்லாம் எழுதியவர் பையிலிருந்து போகும். எங்கள் பள்ளியில் பிரெஞ்சு இலக்கியம் எடுத்த ஆசிரியர் இந்தச் சொல்லைச் சொல்லும்போது உதட்டைச் சற்றுச் சுழிப்பார். டிக்கெட் வாங்காமல் ரயிலேறியவனைப் பற்றிப் பேசுவது போல இருக்கும். அவரே அடுத்த வகுப்பில் மார்செல் ப்ரூஸ்தைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடுவார். ப்ரூஸ்தின் பெருநாவலின் முதல் பாகமே ஆசிரியர் கணக்கில்தான் வந்தது என்று மட்டும் எங்களுக்குச் சொல்லவில்லை. நான் எல்.டி.சி.யாக வேலைக்குச் சேர்ந்து, சாயங்காலங்களில் ரோமன் ரோலன் நூலகத்துக்குப் போக ஆரம்பித்த பிறகு நானாகப் படித்துத் தெரிந்துகொண்டேன்.

அந்தக் கதை சுவையானது. 'ஸ்வான் வீட்டுப் பக்கம்' என்று சொல்லத்தக்க அந்த நாவலின் கையெழுத்துப் பிரதியைப் பாரிஸ் பதிப்பகங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வேண்டாம் என்றன. ஆந்த்ரே ழீத் இருந்த என்.ஆர்.எஃப். குழுவும் திருப்பி அனுப்பியது. கடைசியில் பெர்னார் கிராசே என்ற இளம் பதிப்பாளர், செலவு உங்களுடையது என்றால் போடுகிறேன் என்று ஒப்புக்கொண்டார். 1913 நவம்பர் 14 அன்று புத்தகம் வந்தது. விலை மூன்றரை பிராங்க்.

இனிமேல்தான் நமக்கு வேண்டிய விஷயம். புத்தகத்தை யாருக்குச் சமர்ப்பணம் செய்திருந்தார்? 'லெ ஃபிகாரோ' பத்திரிகையின் ஆசிரியர் கஸ்தோன் கால்மெத்துக்கு. வெளிவருவதற்கு முதல் நாள் 'லெ தான்' பத்திரிகையில் அவருடைய பேட்டி வந்தது. பிறகு ஃபிகாரோவின் முதல் பக்கத்தில் புத்தகத்தைப் பற்றி நல்லதாக நாலு வரி வருவதற்கு 300 பிராங்க், 'ழுர்னால் தெ தெபா'வில் வருவதற்கு 660 பிராங்க் என்று தன் பணத்தைக் கொடுத்திருக்கிறார். இது பற்றிப் பதிப்பக ஆளுக்கு அவர் எழுதிய கடிதங்கள் 2017-ல் ஏலத்துக்கு வந்தபோது செய்தியாயிற்று. தன்னைப் புகழும் வாசகத்தைத் தானே தயார் செய்து, தன் கையெழுத்து வெளியே தெரியாதபடி தட்டச்சு செய்து அனுப்பச் சொல்லியிருக்கிறார்.

முப்பத்தாறு வருஷம் சர்க்கார் ஆபீசில் உட்கார்ந்த எனக்கு இதில் அதிர்ச்சி ஒன்றும் இல்லை. தன்னைப் பாராட்டும் குறிப்பைத் தானே எழுதி, மேலதிகாரியின் கையெழுத்துக்காகக் கோப்பில் வைத்தவர்கள் எத்தனை பேரைப் பார்த்திருக்கிறேன். அவர்களில் சிலர் உண்மையிலேயே நன்றாக வேலை செய்கிறவர்கள். ப்ரூஸ்தும் அந்த ரகம் என்று வைத்துக்கொள்ளலாம். 1914 ஜனவரியில் ழீத் வருத்தம் தெரிவித்துக் கடிதம் எழுதினார். 1919-ல் அடுத்த பாகத்துக்குக் கோன்கூர் பரிசே கிடைத்தது.

ப்ரூஸ்துக்குக் குடும்பச் சொத்து இருந்தது. என் நண்பருக்கு இருந்தது பென்ஷன்.

நண்பர் கருவூலத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். என்னைவிட இரண்டு வயது இளையவர். அப்பா ரோடியர் மில்லில் வேலை பார்த்தவர். மில் என்றால் இங்கே பலருக்கும் ஒரு தலைமுறைக் கதை. 1898-ல் தொடங்கி, 2020-ல் ஒரேயடியாக மூடிய ஏ.எஃப்.டி.யைத்தான் ஊர் ரோடியர் மில் என்று சொல்லும். சங்கு ஊதினால் முதலியார்பேட்டையில் அடுப்பு மூட்டுவார்கள், கடிகாரம் திருத்துவார்கள். சவானா மில்லில் 1936 ஜூலை 30 அன்று துப்பாக்கிச் சூட்டில் 12 தொழிலாளிகள் இறந்ததை அவருடைய தாத்தா சொல்லக் கேட்டு வளர்ந்தவர் நண்பர். இதையெல்லாம் வைத்து ஆறு வருஷம் உட்கார்ந்து ஒரு நாவல் எழுதினார். இரண்டு பதிப்பகங்களுக்கு அனுப்பினார். ஒன்றிலிருந்து பதில் இல்லை. இன்னொன்று, செலவில் பாதியை நீங்கள் போடுங்கள் என்றது. பாதி போடுவதற்கு முழுவதையும் நானே போட்டுவிடுகிறேன் என்று கிளம்பிவிட்டார்.

300 பிரதி. அடக்கம் பிரதிக்கு 118 ரூபாய் வீதம் 35,400. வெளியீட்டு விழாவுக்கு மண்டபம், பொன்னாடை, காபி, பக்கோடா 14,000. புத்தகத்தின் விலை 220. கடையில் வைக்கப் போனால் 40 சதவீதம் கழிவு கேட்டார்கள், அதுவும் விற்ற பிறகு தருவார்களாம். 88 ரூபாயைக் கடைக்குக் கொடுத்தால் இவருக்கு மிஞ்சுவது 14 ரூபாய். கருவூலக்காரருக்கு இந்தக் கணக்கைப் போட ஒரு நிமிஷம் கூட ஆகவில்லை.

அப்போதுதான் யாரோ அவரை ஒரு வாட்சப் குழுவில் சேர்த்துவிட்டார்கள். சொந்தச் செலவில் புத்தகம் போட்டவர்களின் குழு. ஏறக்குறைய 180 பேர். கோயம்புத்தூர், சேலம், சென்னை, துபாய் என்று எங்கெங்கோ இருந்து. குழுவைக் குறை சொல்லிவிட்டு நகர்ந்துவிட மாட்டேன்; அதனால் அவருக்குக் கிடைத்தது அதிகம். ஐ.எஸ்.பி.என். எண்ணுக்கு விண்ணப்பிக்கலாம், ராஜா ராம்மோகன் ராய் பெயரில் உள்ள நிறுவனம் கொடுக்கிறது, காசு கிடையாது என்று அங்கேதான் சொன்னார்கள். அதற்கு முன்னால் ஒரு தரகர் அதற்கு இரண்டாயிரம் கேட்டிருந்தார். கிண்டிலில் ஏற்றுவது எப்படி, அட்டையில் எழுத்துரு எந்த அளவு இருந்தால் செல்போனில் தெரியும், எல்லாம் ராத்திரி பதினொரு மணிக்குக் கேட்டாலும் யாராவது பதில் சொன்னார்கள். எழுதுகிறவன் தனியாள். இந்த வயதில் தன் தொழிலைப் பற்றிப் பேச 180 பேர் கிடைத்தால் யாருக்குத்தான் சந்தோஷம் வராது?

ஆனால் குழுவில் ஒரு முறை வைத்திருந்தார்கள். திங்கட்கிழமைக்குத் திங்கட்கிழமை ஒருவருடைய புத்தகம் முன்னால் வரும். முடிந்தவர்கள் அதை வாங்குவார்கள், அமேசானில் ஐந்து நட்சத்திரம் போடுவார்கள், முகநூலில் நாலு வரி எழுதுவார்கள். அடுத்த திங்கள் அடுத்தவர். முறை சுற்றி வரும்போது நமக்கும் செய்வார்கள். எனக்குக் கேட்டவுடனே கல்யாண மண்டப வாசலில் மேஜை போட்டு உட்கார்ந்திருப்பவர்தான் ஞாபகம் வந்தார். மொய்.

நண்பரும் அப்படித்தான் எடுத்துக்கொண்டார். கேலியாகச் சொல்லவில்லை, நிஜமாகவே நோட்டு போட்டிருந்தார். ஆபீஸ் பழக்கம் விடாது. இடது பக்கம் 'நான் எழுதியது', வலது பக்கம் 'எனக்கு வந்தது'. பதினான்கு மாதத்தில் 46 புத்தகம் வாங்கியிருந்தார், 9,200 ரூபாய்க்கு. பதிலுக்குத் தன் புத்தகத்தில் 46 அனுப்பியிருந்தார். எழுதிக் கொடுத்த மதிப்புரை 31, வந்தது 19. பாக்கி வைத்தவர்கள் பெயருக்கு நேரே பென்சிலால் சின்னப் புள்ளி.

வந்த 19-ஐயும் எனக்குக் காட்டினார். உட்கார்ந்து எல்லாவற்றையும் படித்தேன். பதினொன்றில் பின்னட்டையில் இருப்பதைத் தாண்டி ஒரு வார்த்தை இல்லை. ஒருவர் 'பருத்திக்காட்டு விவசாயிகளின் கண்ணீரை வடித்திருக்கிறார்' என்று எழுதியிருந்தார். நாவலில் பருத்திக்காடே கிடையாது. பருத்தி மூட்டையாகத்தான் வருகிறது, அதுவும் ரயிலில்.

ஒன்று மட்டும் வேறாக இருந்தது. கோவைப் பக்கம் ஓர் அம்மா, அவருடைய அப்பாவும் மில்காரர். இரண்டு பக்கம் எழுதியிருந்தார். அதில் ஒரு பக்கம் பிழைப் பட்டியல். ஏழாவது அத்தியாயத்தில் டாஃபிங் வேலையை நெசவுக் கொட்டகையில் நடப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அது ஸ்பின்னிங்கில், ரிங் ஃபிரேமில் நூல் நிறைந்த பாபினைக் கழற்றும் வேலை, உங்கள் அப்பா எந்தப் பிரிவில் இருந்தார் என்று கேட்டிருந்தார். மூன்று நட்சத்திரம்தான் போட்டிருந்தார். நண்பருக்கு அந்த மூன்றைப் பார்த்து மனசு கசந்துவிட்டது. நோட்டில் அவர் பெயருக்கு நேரே எதுவும் எழுதாமல் விட்டிருந்தார்.

அமேசான் விதியில், குடும்பத்தாரும் நெருங்கிய நண்பர்களும் மதிப்புரை போடக்கூடாது, எழுத்தாளர்கள் மாற்றி மாற்றிப் போட்டுக்கொள்ளவும் கூடாது என்று இருக்கிறது. இதை நான் சொன்னபோது, "யாரு சார் பாக்கறாங்க?" என்றார். அமெரிக்காவில் ஜான் லாக் என்று ஒருவர். சொந்தமாக வெளியிட்டு, கிண்டிலில் 10 லட்சம் பிரதி தாண்டி விற்ற முதல் ஆள், 2011-ல். மறு வருஷமே நியூயார்க் டைம்ஸ் கிளறிப் பார்த்ததில், காசு கொடுத்து 300 மதிப்புரை வாங்கியது தெரியவந்தது, அவரும் ஒப்புக்கொண்டார். "பத்து லட்சம் வித்தாரே சார்!" என்றார் நண்பர். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

சிக்கல் எங்களுக்குள் வந்தது இப்படித்தான். என் செல்போனை எடுத்து, ஒரு கணக்குத் திறந்து, ஐந்து நட்சத்திரம் போட்டுக் கொடுங்கள் என்றார். படித்துவிட்டுப் போடுகிறேன் என்றேன். "அப்புறமா படிச்சுக்கலாமே சார்." படிக்காமல் கையெழுத்துப் போடுவது அதிகாரிகள் வேலை, குமாஸ்தா படித்துத்தான் ஆகவேண்டும் என்று சிரித்துக்கொண்டேதான் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. மூன்று வாரம் கடற்கரைச் சாலைக்கு நடக்க வரவில்லை. நாற்பது வருஷப் பழக்கத்தில் அவர் என்னோடு பேசாமல் இருந்தது அந்த மூன்று வாரம்தான்.

அந்த நாட்களில் நாவலை முழுக்கப் படித்தேன். முடித்த அன்று அவர் வீட்டுக்கே போனேன். "முதல் ரெண்டு அத்தியாயம் எனக்கு ஓடல. மூணாவதுலேர்ந்து எழுந்திருக்கவே இல்ல. அந்த நைட் ஷிப்ட் சாப்பாட்டுத் தூக்கு வர்ற இடத்துல அழுதுட்டேன்" என்றேன். சொன்னது அத்தனையும் உண்மை. அவர் ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு உள்ளே போய் ஒரு புத்தகத்தைக் கொண்டுவந்து என் கையில் வைத்தார். அவருடைய நாவல்தான். முதல் பக்கத்தில் 'அன்புடன்' என்று அவர் கையெழுத்து. யாருக்கு என்ற பெயர் கிழித்து எடுக்கப்பட்டிருந்தது. காந்தி வீதி ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில், பழைய புத்தகக் குவியலில் கிடந்ததாம். இருபது ரூபாய் கொடுத்துத் திரும்ப வாங்கி வந்திருக்கிறார். வெளியீட்டு விழாவில் இலவசமாகக் கொடுத்த 60-ல் ஒன்று.

"முன்னூறுல வித்தது எத்தன?" என்றேன். கடை மூலமாகப் பன்னிரண்டு. மாற்றிக்கொண்டது 46, கொடுத்தது 60. பாக்கி 182 கட்டிலுக்கு அடியில். ஆக, ஒன்றும் எழுதாத ஆள், தன் பையிலிருந்து காசு எடுத்து, படிக்கவேண்டும் என்று வாங்கியது பன்னிரண்டு.

எனக்குப் பட்டதைச் சொன்னேன். அந்த 180 பேரும் கடை போட்டிருக்கிறார்கள். சந்தையில் கடைக்காரனே கடைக்காரனிடம் வாங்கிக்கொண்டிருந்தால் கை மாறுமே தவிரப் பெட்டிக்குள் காசு சேராது. உங்கள் நாவலில் வருகிற ஜனங்கள் மூன்று கிலோமீட்டரில் இருக்கிறார்கள். அவர்களில் யாருக்காவது இப்படி ஒரு புத்தகம் வந்திருப்பது தெரியுமா?

தமிழில் இதற்குப் பழைய வழி ஒன்று உண்டு. உ.வே.சாமிநாதையர் சீவக சிந்தாமணியை 1887-ல் பதிப்பித்தபோது அவர் கும்பகோணம் காலேஜில் தமிழ் ஆசிரியர். அந்தச் சம்பளத்தில் அத்தனை பெரிய புத்தகத்தை அச்சுப் போட முடியுமா? 'கையொப்பம்' வாங்கினார். புத்தகம் வந்தால் எடுத்துக்கொள்கிறேன் என்று முன்னாலேயே கையெழுத்துப் போட்டுக் கொடுப்பது. உத்தியோகஸ்தர்கள், வக்கீல்கள், மிராசுதார்கள் என்று தேடிப் போய்க் கேட்டார், தெரிந்தவர்கள் மூலமாகவும் சேர்த்தார். இன்றைக்கு முன்பதிவுத் திட்டம் என்று சொல்வதெல்லாம் அதுதான். கையொப்பம் போட்டவர்கள் பதிலுக்குத் தங்கள் புத்தகத்தை நீட்டியவர்கள் இல்லை; படிக்கலாம், அல்லது வீட்டில் இருக்கட்டும் என்று நினைத்தவர்கள். பத்து வருஷம் நம் ஊரில் இருந்த பாரதியாரும் 1920-ல் கடையத்திலிருந்து நண்பர்களுக்கு ஒரு சுற்றறிக்கை விட்டார்: தன் எழுத்தை 40 புத்தகமாக, ஒவ்வொன்றும் 10,000 பிரதி போடவேண்டும், கடன் கொடுங்கள், மாதம் இரண்டு சதவீத வட்டி தருகிறேன் என்று. அடுத்த வருஷம் அவர் போய்விட்டார், திட்டம் நடக்கவில்லை. அந்த வட்டி விகிதத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிற்றைப் பிசையும்.

நண்பர் புது நோட்டு ஒன்று போட்டார். பெயர், தெரு, மில்லில் எந்தப் பிரிவு, எத்தனை பிரதி. நான்கு கட்டம். மூடிக்கிடக்கும் மில்லுக்கு அருகே ஒரு டீக்கடை. நான்கு ஞாயிற்றுக்கிழமை காலை அங்கே போய் உட்கார்ந்தோம். முதல் ஞாயிறு, ஒருவரும் புத்தகத்தைத் தொடவில்லை. எல்.ஐ.சி. ஆள் என்று நினைத்துவிட்டார்கள். இரண்டாவது ஞாயிறு நண்பர் மூன்றாவது அத்தியாயத்தைச் சத்தமாகப் படித்தார். இரண்டு பக்கம் போவதற்குள் ஒருவர் நிறுத்தினார். சங்கு ஊதுகிற நேரம் தப்பாம். இன்னொருவர், இல்லை, எழுபதுகளில் அந்த நேரம்தான் என்றார். இரண்டு பேருக்கும் வாய்ச்சண்டை. பக்கத்துச் சலூனிலிருந்து பாதிச் சவரத்தோடு ஒருவர் எழுந்து வந்து மூன்றாவது நேரம் ஒன்று சொன்னார். அன்றைக்கு ஒன்பது கையொப்பம்.

சலூனில் ஒரு பிரதி வைத்துவிட்டு வந்தோம், போன் நம்பரோடு. அதைக் காத்திருக்கிற நேரத்தில் புரட்டியவர்கள் பிறகு கூப்பிட்டார்கள். மாதத் தொடக்கத்தில் பி.எஃப். பென்ஷன் எடுக்க வங்கிக்கு வருகிறவர்களிடம் கேட்டால் என்ன என்று நான் சொன்னேன். பென்ஷன் வாங்குகிற இடத்தில் கை நீட்ட மாட்டேன் என்று நண்பர் மறுத்துவிட்டார். அது சரிதான்.

மூன்றாவது ஞாயிறு, எண்பதைத் தாண்டிய ஓர் அம்மா, பேரன் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தார். படிக்கத் தெரியாது. புத்தகத்தை வாங்கி முன்னும் பின்னும் பார்த்தார்.

"எங்க வூட்டுக்காரரு பேரு இருக்குதா தம்பி இதுல?"

"பேரு இல்லம்மா. இது கத மாதிரி எழுதனது. ஆனா கேட்டுக்கு எதிரால இருந்த டீக்கட வருது."

"அப்போ அவரு அங்கதான் நின்னுகினு இருப்பாரு. ஒண்ணு குடு."

மடியிலிருந்து சுருக்குப்பையை எடுத்தார். நண்பர் காசு வேண்டாம் என்று கையை ஆட்டினார். அந்த அம்மா விடவில்லை. இரண்டு நூறு, ஒரு இருபது, எண்ணிக் கொடுத்துவிட்டுத்தான் போனார். நண்பர் அந்த வரியில், பிரிவு என்ற கட்டத்தில், 'கேட்டு எதிர் டீக்கடை' என்று எழுதினார்.

நான்கு வாரத்தில் 67 பிரதி. கமிஷன் கிடையாது, தபால் செலவு கிடையாது. 14,740 ரூபாய். போட்ட பணம் 58,600 என்பதால் இதைப் பெரிய வியாபாரம் என்று யாரும் சொல்ல முடியாது. இன்னொரு விஷயம், புத்தகம் போடுகிறவர்களில் பாதிப் பேருக்குத் தெரியாதது. 1954-ஆம் வருஷத்துச் சட்டம் ஒன்றின்படி, புத்தகம் வந்த முப்பது நாளுக்குள் கொல்கத்தா தேசிய நூலகத்துக்கும், சென்னை கன்னிமாரா, மும்பை, தில்லி நூலகங்களுக்கும் தலா ஒரு பிரதி சொந்தச் செலவில் அனுப்பவேண்டும். தவறினால் ஐம்பது ரூபாய் வரை அபராதமும் புத்தகத்தின் விலையும். நண்பர் ஒரு வருஷத்துக்கு மேல் தாமதம். ஆனாலும் அனுப்பினோம். முகவரி எழுதி, நூல் கட்டி, பதிவு அஞ்சல் ரசீதைத் தேதி வாரியாக ஒட்டிவைத்தது நான். ஐம்பது வருஷம் கழித்து யாராவது ரோடியர் மில்லைப் பற்றித் தேடினால் கன்னிமாராவில் ஒரு பிரதி இருக்கும். கட்டிலுக்கு அடியில் இப்போது 111.

கோவை அம்மாவுக்கு நண்பர் பதில் எழுதினார். அப்பா ஸ்பின்னிங்தான், தப்பு என்னுடையது, அடுத்த பதிப்பில் திருத்துகிறேன் என்று. இப்போது அவர்கள் இருவரும் மில் வார்த்தைகளுக்கு ஒரு பட்டியல் தயாரித்துக்கொண்டிருக்கிறார்கள். இங்கே ஒரு பெயர், கோவையில் ஒரு பெயர் என்று வாரம் பத்து வார்த்தையாவது சேருகிறது.

குழுவில் இன்னும் இருக்கிறார். போன மாதம் சேலத்து இளைஞர் ஒருவருடைய சிறுகதைத் தொகுப்பு முறைக்கு வந்தது. இவர் முழுதும் படித்து, எந்தக் கதை பிடித்தது, எது பிடிக்கவில்லை, ஏன் என்று எழுதிப் போடப் பன்னிரண்டு நாள் ஆயிற்று. அதற்குள் அடுத்த திங்கட்கிழமை தாண்டிவிட்டது. முறை தவறிவிட்டீர்கள் என்று குழு நடத்துகிறவர் கண்டித்துச் செய்தி அனுப்பியிருக்கிறார். அந்த இளைஞர் மட்டும் இவருக்குப் போன் போட்டு முக்கால் மணி நேரம் பேசினாராம், நான்காவது கதையின் முடிவைப் பற்றி.